மணியும் மணி நேரமும்

மணிக்கட்டு என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மணி, கட்டு. மணியைக் கட்டும் இடம் மணிக்கட்டு. உடலின் ஓர் உறுப்புக்கு அங்கே அணியும் பொருளை வைத்தே பெயரிட்டிருக்கிறார்கள். வடமொழியிலும் அதற்கு ‘மணிபந்தம்’ என்றுதான் பெயர், பொருளும் அதுவே. நம்மில் பலருக்குப் பிறந்த சில நாள்களிலேயே கறுப்பு மணி கோத்த கயிற்றையோ, வசம்புத் துண்டுகளைக் கோத்த வளையலையோ கையில் கட்டியிருப்பார்கள். நமக்கு நினைவிருக்காது. வீட்டிலுள்ள பழைய படங்களில் தேடினால் தெரியும்.

மேலே ‘கோத்த’ என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பேச்சில் ‘கோர்த்த’ என்கிறோம். ஆனால், வினையடி ‘கோ’ என்பதே. கோத்தல், கோத்தாள், கோவை எல்லாம் அதிலிருந்து பிறந்தவை. நூல் என்றால் இழை. நூல் என்றால் புத்தகமும்தான். நன்னூல் ஆசிரியர் பஞ்சையும் நூற்பவரையும் உவமையாக்கியே நூல் என்பது என்ன என்று விளக்குகிறார். பாடத்திட்ட அலுவலரான எனக்குச் சொற்களைக் கோப்பது தொழில். இந்தக் கட்டுரையோ மணிகளைக் கோக்கும் ஒருவரைப் பற்றியது.

அவர் என் அத்தை. கேமரன் மலையில் கோலா தெர்லாவில் வசிக்கிறார். பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் சாலையில், திரிங்காப்பைத் தாண்டினால் கோலா தெர்லா. ஆறு வந்து கலக்கும் இடத்தை மலாய்மொழியில் ‘கோலா’ என்பர். தெர்லா ஆற்றின் பெயரால் அமைந்த ஊர் இது. இன்று அங்கே போகிறவர்களின் கண்ணில் முதலில் படுபவை நெகிழிக் கூரைகள். அவற்றின் கீழே காய்கறியும் பூவும் வளர்கின்றன. தேயிலைச் சரிவுகளைப் பார்க்கச் சற்று நிமிர வேண்டும்.

அத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது கணக்கு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொழுந்தைத் தேடிப்போய் ஒடித்து எடுக்கும். கண் அடுத்த செடிக்குப் போயிருக்கும். வேலையை விட்ட பிறகும் அந்த இரண்டு விரல்களும் சும்மா இருக்கவில்லை. இப்போது அவை மணிகளைப் பொறுக்குகின்றன.

அத்தை செய்பவை இரண்டு வகை. ஒன்று, இழுத்தால் நீளும் நூலில் பெரிய மணிகளைக் கோத்துச் செய்யும் கைவளை. எளிய வேலைதான் என்று நினைப்போம். ஆனால், அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கட்டின் சுற்றளவு 16 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 16 சென்டிமீட்டர் நீளத்துக்கு மணி கோத்தால் வளை கையில் ஏறாது. ஏன்? நூல் மணியின் நடுவே ஓடுகிறது. தோலில் படுவதோ மணியின் உட்புறம். எனவே, வளையின் உட்சுற்றளவு, நூலின் நீளத்தைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்றால், மணியின் விட்டத்தை 3.14-ஆல் பெருக்கிய அளவு. 8 மில்லிமீட்டர் மணி என்றால் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர். ஆகவே, 18.5 சென்டிமீட்டருக்குக் கோக்க வேண்டும், 23 மணிகள். கணிதப் பாடத்தில் வட்டத்தின் சுற்றளவை எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் மாணவர்களிடம் ஒரு பிடி மணியைக் கொடுத்துவிடலாம். அத்தைக்கு இந்தச் சூத்திரம் தெரியாது. “மணி பெருசானா ரெண்டு சேத்துப் போடணும்” என்பார். விடை சரியாகத்தான் வரும்.

மற்றொன்று, அகலக் காப்பு. இதுதான் அவருடைய பெருமை. சிறு மரச்சட்டத்தில் இருபுறமும் ஆணி அடித்து, நீளவாக்கில் நூல்களை இழுத்துக் கட்டியிருக்கிறார். நெசவில் சொல்வது போலவே நீள நூல் பாவு, குறுக்கு நூல் ஊடை. ஒரு வரிசைக்கு 15 மணி என்றால் பாவுக்கு 16 நூல் வேண்டும். ஒவ்வொரு மணியும் இரண்டு பாவு நூல்களுக்கு இடையில் உட்கார வேண்டுமே! ஊசியில் 15 மணிகளைக் கோத்து, பாவுக்கு அடியில் கொண்டுபோய், ஒவ்வோர் இடைவெளியிலும் ஒவ்வொரு மணியாக விரலால் மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, அதே மணிகளின் துளை வழியே ஊசியைப் பாவுக்கு மேலாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான், ஒரு வரிசை முடிந்தது. மணி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். 16 சென்டிமீட்டர் காப்புக்கு 80 வரிசை. ஆக, 1,200 மணிகள்.

இந்தச் சிறுமணிகளை வாங்குவதிலும் விவரம் வேண்டும். அளவுக்கு எண் உண்டு. எண் கூடக்கூட மணி சிறுக்கும். பதினொன்றாம் எண் மணி 2 மில்லிமீட்டர் அளவு, எட்டாம் எண் மணி 3 மில்லிமீட்டர் அளவு. மலிவான பொட்டலத்தில் ஒன்று தடித்திருக்கும், ஒன்று மெலிந்திருக்கும், இன்னொன்றில் துளையே இருக்காது. அவற்றைப் பொறுக்கி ஒதுக்காவிட்டால் ஓரம் கோணிக்கொள்ளும். சாயம் பூசிய மணிகளும் உண்டு. வியர்வை பட்டால் நிறம் போய்விடும். அத்தை புதுப் பொட்டலத்தைப் பிரித்ததும் இரண்டு மணிகளை ஈரத் துணியில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். துணி சிவந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போகமாட்டார்.

வடிவங்களுக்கு அவர் கோலத்தைத்தான் நாடினார். புள்ளிக் கோலத்தை அப்படியே மணியில் கொண்டுவர முடியும் என்று நானும் நினைத்திருந்தேன். முடியாது என்று விளக்கினார். புள்ளியைச் சுற்றி வளைந்தோடும் சிக்குக் கோலம் மணித்தறிக்கு ஒத்துவராது. சதுரங்களால் ஆன பரப்பில் வளைவு படிக்கட்டாகிவிடும். நேர்க்கோட்டுக் கோலமும் நட்சத்திரக் கோலமும் பொருந்தும். நடுவில் ஒரு மணியும் இருபுறமும் ஏழேழு மணிகளும் அமைந்தால் வடிவம் இருபக்கமும் ஒத்து நிற்கும். அதனால்தான் வரிசைக்கு 15 என்னும் ஒற்றைப்படை எண்ணை வைத்திருக்கிறார். இன்னொன்றும் சொன்னார். தேயிலைச் சரிவைக் காப்பில் கொண்டுவர ஐந்து பச்சை நிறங்களை வாங்கினாராம். கையை நீட்டிப் பார்த்தால் ஐந்தும் ஒன்றாகக் கலந்து ஒரே பச்சையாகத் தெரிந்ததாம். மணி அவ்வளவு சிறியது. அருகருகே இருக்கும் ஒத்த நிறங்களைக் கண் பிரிக்காது. மூன்று பச்சையை எடுத்துவிட்டு, இடையிடையே வெளிர்மஞ்சள் கோடு ஒன்றை ஓடவிட்டார். சரிவுகள் எழுந்து நின்றன.

கண்ணாடி மணி மட்டுமல்லாமல், சாம்பல் நிறத்தில் கண்ணீர்த்துளி போன்ற விதையையும் அவர் கைவளைகளில் காணலாம். அது ஒரு புல்லின் விதை. நெற்பவளம் என்று தமிழில் பெயர். காம்பு கழன்றால் இயற்கையாகவே நடுவில் துளை கிடைத்துவிடும். காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் செமாய்ப் பூர்வகுடிப் பெண் ஒருவர் அத்தைக்கு ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். பச்சையாக இருக்கும்போது பறிக்கக்கூடாது, நிறம் மாறிக் கெட்டியான பிறகே பறிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவரே. பதிலுக்கு அத்தை என்ன கொடுத்தார் என்று கேட்டேன். “ரசப்பொடி” என்றார்.

நம் நிலத்தில் மணிகள் இப்படிக் கைமாறுவது புதிதன்று. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேடு என்னும் பழைய துறைமுகத்தில் 1945-இல் மார்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அங்கே கிடைத்தவற்றுள் கண்ணாடி மணிகள் ஏராளம். உருகிய கண்ணாடியை உள்ளே வெற்றிடம் இருக்கும்படி நீண்ட குழாயாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, மறுபடி சூடேற்றி விளிம்பின் கூர்மையைப் போக்குவார்கள். செங்கல் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என ஒவ்வொரு மணியும் ஒரே நிறம். இந்தியப் பெருங்கடலின் கரைகள் நெடுக இவ்வகை மணிகள் கிடைப்பதால் ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றை ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று அழைத்தார். கெடாவின் சுங்கை மாஸிலும் பேராக்கின் கோலா செலின்சிங்கிலும் இவை கிடைத்துள்ளன. அங்கேயே மணி செய்ததற்கான தடயங்களும் உண்டு. அப்படியென்றால் மணி மட்டும் கடல் கடக்கவில்லை. மணி செய்யும் முறையும் கடந்திருக்கிறது.

மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போனபோது இத்தகைய மணிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். அத்தையின் பொட்டலத்தில் இருப்பவற்றுக்கும் அவற்றுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. யார் செய்தார் என்பதற்கு மட்டும் எங்கும் குறிப்பில்லை. இருக்கவும் முடியாது.

ஒரே ஓர் இடத்தில் ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. தென்தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பாட் என்றோர் இடம். அப்பெயருக்கே ‘மணிமேடு’ என்றுதான் பொருள். மண்ணைக் கிளறினால் மணி கிடைக்கும் அளவுக்கு அங்கே மணிகள் செய்யப்பட்டன. அங்கே சிறிய உரைகல் ஒன்று கிடைத்தது. பொன்னின் மாற்றைப் பார்க்கப் பொற்கொல்லர் உரசிப் பார்ப்பாரே, அந்தக் கல். அதில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறிக்கப்பட்டுள்ளது. காலம் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. நாடுவிட்டு வந்து பட்டறை போட்ட ஒரு தமிழ்க் கைவினைஞர், தம் கருவி தொலைந்துவிடக் கூடாதே என்று பெயரைப் பொறித்திருக்கிறார். நம் வகுப்புப் பிள்ளைகள் அளவுகோலில் பெயரைக் கீறிவைப்பது போலத்தான். அதனால்தான் இன்று அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. இந்தக் கல்லைப் பற்றி நான் அத்தையிடம் சொல்ல வேண்டிய சூழல் ஒன்று பின்னர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை சாலையோரத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்காருவார். பக்கத்தில் சோளம் விற்பவர், அதற்கடுத்து ஸ்ட்ராபெரி. நான்காம் படிவம் படிக்கும் பேத்தி துணைக்கு இருப்பாள். நான் போயிருந்த அன்று ஒரு குடும்பம் வந்து அகலக் காப்பை எடுத்துப் பார்த்தது. அத்தை 35 ரிங்கிட் என்றார். “பசார் மாலாமில் இதே மாதிரி ஐந்து ரிங்கிட்டுக்குக் கிடைக்குதே!” என்றார் அந்த அம்மா. பேரம் நடந்தது. அத்தை இறங்கிக்கொண்டே வந்து 25-இல் நின்றார். காப்பு விற்றது. அவர்கள் போனதும் அத்தைக்கு மகிழ்ச்சிதான். பேத்தி மட்டும் பேசவில்லை.

அன்றிரவு அவள் பள்ளிக் குறிப்பேட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். காப்பு ஒன்றுக்கு மணி, நூல், கொக்கி எல்லாம் சேர்த்து 6 ரிங்கிட். ஆகும் நேரம் 7 மணி நேரம். மணி பொறுக்கும் நேரத்தை அவள் அதில் சேர்க்கவில்லை. நெய்து முடித்தபின் 16 பாவு நூல்களின் இரு முனைகளையும், அதாவது 32 நுனிகளையும், ஒவ்வொன்றாக மணிகளுக்குள் திருப்பி நுழைத்து மறைக்க வேண்டும். வாங்குகிறவர் கண்ணுக்கு இந்த வேலை தெரியவே தெரியாது. தெரியாமல் இருந்தால்தான் வேலை சுத்தம். விலை 25-இல் பொருளுக்கான 6-ஐக் கழித்தால் 19. அதை 7-ஆல் வகுத்தால் மணிக்கு 2 ரிங்கிட் 71 சென்.

“மாமா, நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 ரிங்கிட். மணிக்கணக்கில் 8 ரிங்கிட் 72 சென். பாட்டிக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்கல. இந்த வேலைக்கு அவ்வளவுதான் மதிப்பா?”

கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது. பதில் சொன்னவர் அத்தை. “கொழுந்துக்கு எடை போட்டுக் காசு குடுத்தாங்க. எவ்வளவு நேரம் நின்னேன்னு யாரும் கேக்கல. இதுக்கு எடையும் கெடையாது. நேரத்துக்குன்னு காசு கேட்டா யாரு குடுப்பா, கண்ணு?”

இருவர் சொல்வதிலும் உண்மை இருந்தது. ஐந்து ரிங்கிட் வளையை அத்தையால் வெல்ல முடியாது. அதேசமயம், மணிக்கு 2 ரிங்கிட் 71 சென்னுக்கு ஒருவர் கண்ணைக் கொடுத்து உழைப்பதை ‘பொழுதுபோக்கு’ என்று சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். கைவேலையைப் பற்றிய பாடப்பகுதிகள் பலவற்றில் ‘ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்கும்’ என்னும் தொடர் வந்துவிடும். எனக்கு அந்தத் தொடர் பிடிப்பதில்லை. அத்தைக்கு அது ஓய்வு நேரமன்று. சமையல் எரிவாயுவுக்கும் பேத்தியின் பேருந்துக் கட்டணத்துக்குமான நேரம்.

பேத்தி கணக்கைத் திருப்பிப் போட்டாள். 7 மணி நேரத்துக்கு 61 ரிங்கிட் 4 சென், பொருளுக்கு 6. ஆக 67 ரிங்கிட் 4 சென். விலை 68 என்று எழுதினாள். அத்தை சிரித்தே விட்டார். பிறகு அவர் சிரிப்பு நின்றது. தறியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். “பதினஞ்ச ஒம்பதாக்கினா?” என்று கேட்டார்.

வரிசைக்கு 9 மணி என்றால் 80 வரிசைக்கு 720 மணி. பாவு நூல் 10. மறைக்க வேண்டிய நுனிகள் 20. நான்கு மணி நேர வேலை. ஒன்பதும் ஒற்றைப்படை என்பதால் நடுமணி கெடாது. அகலம் குறைவதால் நட்சத்திரம் அடங்காது. அதற்குப் பதிலாகக் கூர்மையான சரிவுக்கோடு ஒன்று போதும். கூலி 34 ரிங்கிட் 88 சென், பொருள் 4; விலையை 40 என்று வைக்கலாம். வடிவமைப்பு என்றால் அழகுபடுத்துவது என்றுதான் பலரும் எண்ணுகிறோம். எதை விட்டால் அழகு குறையாது என்று தெரிந்திருப்பதும் வடிவமைப்பில் பாதி. அன்றிரவு அத்தை ஆறு மணிகளைக் குறைத்தார். மூன்று மணி நேரம் மிச்சமாயிற்று.

அகலக் காப்பை முற்றிலும் கைவிட அவருக்கு மனமில்லை. அதற்கு 68 ரிங்கிட்டே விலை என்று பேத்தியும் விட்டுக்கொடுக்கவில்லை. விலையைப் பார்த்து மிரள்கிறவர்களுக்காக ஒரு சிறு அட்டையைக் கட்டித் தொங்கவிடலாம் என்றாள். அதில் என்ன எழுதுவது? ‘1,200 மணி, 7 மணி நேரம்’ என்று எழுதினாள். கோக்கும் மணிக்கும் கடிகார மணிக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. “மலாயில் எழுதினால் இந்தச் சுவை வராதே” என்று சொல்லிக்கொண்டே அட்டையின் மறுபக்கத்தில் மலாயிலும் எழுதினாள்.

கீழே அத்தையின் பெயரை எழுத வேண்டும் என்றேன். “என் பேரு எதுக்கு? வாங்குறவங்க என்னையா தேடி வரப்போறாங்க?” என்றார். அப்போதுதான் குவான் லுக் பாட்டில் கிடைத்த கல்லைப் பற்றிச் சொன்னேன். கைப்பேசியில் படத்தையும் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

“அந்த மனுசனுக்கு எழுதத் தெரிஞ்சிருக்கு” என்றார்.

அத்தை தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரை படித்தவர். கையெழுத்திட மட்டுமே பேனா பிடிப்பவர். பேத்தியிடமிருந்து பேனாவை வாங்கினார். தறியை வைத்திருந்த மடியிலேயே அட்டையை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். ஒவ்வோர் எழுத்துக்கும் இடையில் ஒரே அளவு இடைவெளி.

இதை எழுதும்போது ஒன்பது மணிக் காப்புகளில் ஐந்து விற்றுவிட்டன. அகலக் காப்புகள் மூன்றில் ஒன்று விற்றது. வாங்கியவர் பேரம் பேசவில்லை என்று பேத்தி குறுஞ்செய்தி அனுப்பினாள். மற்ற இரண்டும் மேசையில் இருக்கின்றன. விலையைக் குறைக்கலாமா என்று அத்தை ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார். பேத்தி இன்னும் சம்மதிக்கவில்லை.